முறுமுறுப்பிலிருந்து துதிக்குத் திரும்புவது எப்படி?

வேதாகமத்தின் யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி, செங்கடலைக் கடந்த இஸ்ரவேலர் பாடிய வெற்றிப் பாடல். அதே அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில் அந்த ஜனங்களே, மாரா என்ற இடத்தின் தண்ணீர் கசப்பாயிருந்ததால் மோசேக்கு விரோதமாக முறுமுறுக்கிறார்கள். இடையில் அவர்கள் தண்ணீரின்றி நடந்தது 3 நாட்கள்தான். நன்மை கிடைத்த வேளையில் தானாகப் பொங்கும் துதி, அடுத்த நெருக்கம்வரைகூடத் தாங்குவதில்லை என்பதை இது காட்டுகிறது. எதற்கெடுத்தாலும் குறை காணும் மனப்பான்மை நாளடைவில் ஊறிப்போன பழக்கம். ஆகவே அதை மாற்றும் துதியையும் பழகித்தான் ஆக வேண்டும்.

எப்படிப் பழகுவது என்பதற்கு, ஆசாப் என்ற பாடகனின் 77ஆம் சங்கீதத்தைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது அரிது. அதன் 20 வசனங்களில் முதல் 9 வசனங்கள் முழுவதும் புலம்பல்: தூக்கம் வரவில்லை, பேச நா எழவில்லை, "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்றுகூடக் கேட்டுவிடுகிறான். 10ஆம் வசனத்தில் "இது என் பலவீனம்" என்று ஒப்புக்கொண்டு, கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவதென்று தீர்மானிக்கிறான். அதன்பின் தன் தூக்கமின்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், தண்ணீர்கள் தேவனைக் கண்டு தத்தளித்ததையும், மோசே ஆரோன் என்பவர்களின் கையால் ஜனங்கள் ஆட்டுமந்தையைப்போல நடத்தப்பட்டதையும் விவரித்து முடிக்கிறான். அவனுடைய நெருக்கம் தீர்ந்ததாகச் சங்கீதம் எங்கும் சொல்லவில்லை. மாறியது அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான்.

எனவே ஜெபிக்க உட்காரும்போது முதலில் குறையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு உங்களுக்குப் பின் சேர்ந்தவருக்குப் போயிருந்தால், "ஆண்டவரே, இது எனக்கு வலிக்கிறது, அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது" என்று ஆண்டவரிடமே சொல்லலாம். நம்மில் பலர் அவசரமாக "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, மனக்கசப்பை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு, ஆமென் சொன்ன கையோடு காபி குடிக்கும்போது அதை வீட்டாரிடம் கொட்டுகிறோம்.

அடுத்து, துதியைப் பொதுப்படையாக விட்டுவிடாதீர்கள். "நீர் நல்லவர், வல்லவர்" என்பது உண்மையே. ஆனால் வாய் பழகிப்போன சொற்கள் மனத்தைத் தொடாமலே கடந்துவிடும். ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட சிறு புத்தகத்தை மூச்சுவிடாமல் வாசித்து முடிப்பதைவிட, நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்வது மேல் என்பது என் கருத்து. "குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிய அந்த இரவில், கேட்காமலே ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது, அந்த இரவும் வாசலில் எரிந்த விளக்கும் ஆட்டோவின் சத்தமும் நினைவுக்கு வந்து, கைவிடப்பட்டேன் என்ற எண்ணத்துக்கு எதிரான சாட்சியாக நிற்கின்றன. இப்படிப்பட்டவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளில் எதுவும் தானாக நினைவுக்கு வராது. சொந்த வாழ்வில் ஒன்றும் தென்படாத நாளில், 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும் 136ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்தவரை வாய்விட்டுத் துதியுங்கள். எபிரெயர் 13:15 ஸ்தோத்திரபலியை "உதடுகளின் கனி" என்றே அழைக்கிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறையில், அடிபட்ட உடம்போடும் தொழுமரத்தில் மாட்டப்பட்ட கால்களோடும் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியதை மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 16:25 சொல்கிறது. பூமியதிர்ச்சியும் கதவுகள் திறந்ததும் அதற்குப் பிறகுதான். அந்தப் பாட்டின்போது விடுதலை வரும் என்ற அறிகுறி எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

முறுமுறுப்பு எந்த நேரத்தில் தலைதூக்குகிறது என்பதையும் கவனியுங்கள். சிலருக்கு அது காலையில் கைபேசியைத் திறந்ததும், சிலருக்கு அலுவலகத்திலிருந்து திரும்பும் பேருந்திலும் வருகிறது. அந்த நேரத்துக்குச் சற்று முன்பே துதிக்கென 5 நிமிடம் ஒதுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, வாழவே பிடிக்காத நிலையில் இருப்பவருக்குத் துதியோடு மருத்துவரும் தேவை. அப்படிப் போவது விசுவாசக் குறைவு ஆகாது. துக்கத்தில் இருப்பவரிடம் போய் "துதியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று வற்புறுத்துவதும் கூடாது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவதை, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதற்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 25:20. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபின் நண்பர்கள் முதல் 7 நாட்கள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அதையே செய்யலாம். துதிப் பாடலை அந்த வீட்டார் தாங்களாகத் தொடங்கும்போது சேர்ந்து பாடினால் போதும்.