இசைத்தட்டைப் பதிவு செய்தால் ஒலி கரகரக்கிறதா? ஆடாசிட்டியைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்

தட்டைத் துடைத்தாயிற்று, ஊசியிலும் தூசி இல்லை, தட்டின் பாட்டைக் கணினியில் பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருளையும் நிறுவியாயிற்று என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இந்த வேலைக்கு இலவச ஆடாசிட்டியே தாராளம்.

படி 1: இணைப்பு

இசைத்தட்டில் பள்ளம் வெட்டும்போதே கீழ் அலைவரிசைகளை (பாஸ்) அமுக்கி, மேல் அலைவரிசைகளைத் (ட்ரெபிள்) தூக்கித்தான் வெட்டுவார்கள். அதைத் திரும்ப நேராக்குவது ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சுற்று. தனிப் பெட்டியாகவோ வேறு கருவிக்குள்ளேயோ இருக்கும். அது வழியில் ஒருமுறை வரவேண்டும், ஒரே ஒருமுறை. பாட்டு தகரத்தைத் தட்டினாற்போல் மெலிந்து கேட்டால் ப்ரீஆம்ப் எங்கும் இல்லை. கும்மென்று குழம்பி அலறினால் இரண்டு இருக்கிறது. பல டர்ன்டேபிள்களில் (தட்டைச் சுழற்றும் கருவி) ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், லைனில் வைத்தால் உள்ளேயே உள்ள ப்ரீஆம்ப் வேலை செய்கிறது என்று பொருள். முதலில் அதைப் பாருங்கள்.

படி 2: கணினி அமைப்பு

டர்ன்டேபிளின் யூஎஸ்பியை, அல்லது ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் சின்னப் பெட்டியின் (ஆடியோ இன்டர்ஃபேஸ்) யூஎஸ்பியை மாட்டிய பிறகு ஆடாசிட்டியைத் திறங்கள். முன்பே திறந்திருந்தால் 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுத்தால்தான் பட்டியலில் வரும். ஸ்டீரியோ, 44100 ஹெர்ட்ஸ். கணினியின் ஒலி அமைப்பிலும் இதே எண் இருக்கட்டும். அங்கேயே, ஒலியை மேம்படுத்துவதாகச் சொல்லும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். கணினி உங்கள் டர்ன்டேபிளை மைக் என்று நினைத்துக்கொண்டு, மெல்லிய வீணை ஒலியை இரைச்சல் என்று அமுக்கிவிடும்.

படி 3: ஒலி அளவு

இங்கேதான் எனக்கு மூன்று மாலைகள் போயின. பதிவில் சத்தமான இடமெல்லாம் கரகர. சரி, அளவு அதிகம் என்று ஆடாசிட்டியின் பதிவு ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கினேன். அளவு மீறியதைக் காட்டும் சிவப்புக் கோடு போய்விட்டது, கரகரப்பு போகவில்லை! ஊசியில் குறை, தட்டில் தேய்மானம் என்று எதையெதையோ சந்தேகப்பட்டு, கடைசியில் அலையை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பாதி உயரத்திலேயே அலையின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தன. அதாவது வெட்டு நடந்தது ஆடாசிட்டிக்கு வரும் முன்பே, ஒலி எண்களாக மாறும் அந்தச் சின்னப் பெட்டியில். அதற்குப் பிறகு ஸ்லைடரை இறக்குவது, தலை வெட்டுப்பட்ட போட்டோவைச் சின்னதாகப் பிரிண்ட் போடுவது மாதிரி.

ஆகவே குறைக்க வேண்டியது, உள்ளே வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும், பெட்டியில் உள்ள கெயின் திருகைத்தான். தட்டிலேயே சத்தமான பகுதியை ஓடவிட்டு, ஆடாசிட்டியின் அளவுகாட்டியில் உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். அலை சிறிதாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், 24 பிட்டில் பதிந்தால் பின்னால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட உச்சியைச் சரிசெய்ய ஆடாசிட்டியில் 'கிளிப் ஃபிக்ஸ்' இருக்கிறதே என்பீர்கள். அது போன உச்சியை ஊகித்து வரைகிறது, அவ்வளவுதான். தட்டு கையில் இருக்கும்போது மறுபடி பதிவு செய்வதே மேல்.

படி 4: சுத்தம் செய்வது

ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிந்து, எதையும் தொடாத ஒரு நகலைத் தனியே வைத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் முதலில் கீறல் சத்தத்தை எடுக்கும் 'கிளிக் ரிமூவல்', அப்புறம்தான் தொடர் இரைச்சலைக் குறைக்கும் 'நாய்ஸ் ரிடக்ஷன்'. கிளிக் ரிமூவலை அழுத்தமாகப் போட்டால் மிருதங்கத்தின் அடியையும் கீறல் என்று நினைத்துத் தின்றுவிடும். நாலைந்து பெரிய கீறல்தான் என்றால் 'ரிப்பேர்' போதும், ஆனால் அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள்கள் (ஒலியை எண்ணாகப் பதியும் புள்ளிகள்) வரைதான் எடுக்கும். நாய்ஸ் ரிடக்ஷன் கேட்கும் இரைச்சல் மாதிரியை, ஊசி பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தும் பாட்டு தொடங்காத அந்தச் சில நொடிகளில் எடுங்கள். ஊசியைத் தூக்கி வைத்திருந்தபோது பதிந்த மௌனத்தில் தட்டின் இரைச்சலே இருக்காது. நான் 6 டெசிபலுக்கு மேல் குறைப்பதில்லை. அதிகம் குறைத்தால் பாடகர் தண்ணீருக்குள் இருந்து பாடுவார்.

பின்சேர்க்கை: "என் டர்ன்டேபிளில் யூஎஸ்பி மட்டும்தான், திருகே இல்லை" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கணினியின் ஒலி அமைப்பில் உள்ள உள்ளீட்டு அளவைக் குறைத்துப் பாருங்கள். சில கருவிகளில் அது உள்ளே இருக்கும் கெயினையே குறைக்கும். குறைத்தும் உச்சி தட்டையாகவே இருந்தால், சிவப்பு, வெள்ளை லைன் அவுட் வழியாக எடுத்து, திருகு உள்ள தனி ஆடியோ இன்டர்ஃபேஸில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொருவருக்கு விடாமல் 'ம்ம்ம்' என்று முனகல். டர்ன்டேபிளின் எர்த் வயரை ப்ரீஆம்பில் மாட்டாமல் விட்டிருந்தார்.