திரைப்பதிவில் முதலில் கெடுவது குரல்தான்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரக் கணினி வகுப்பு எடுக்கிறேன். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் கணினித் திரையைப் பதிவு செய்து, குரல் சேர்த்து, சின்னச் சின்ன வீடியோக்களாக அனுப்பத் தொடங்கினேன். இப்போது புதுச்சேரியிலிருந்தும் ஆசிரியர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மென்பொருள் வாங்கலாம்?"

வாங்க வேண்டியதே இல்லை. விண்டோஸ் 11இல் உள்ள ஸ்னிப்பிங் டூல் திரையை வீடியோவாகவும் பதிவு செய்யும். மேக் கணினியில் ஷிஃப்ட், கமாண்ட், 5 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் போதும். இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோ இருக்கிறது. இலவசம், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள், நேர வரம்பு இல்லை, வீடியோவின் மேல் தன் பெயரை முத்திரையாகக் குத்தாது. விண்டோஸில் வரும் கேம் பாரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது ஒரு செயலியின் சாளரத்தைப் பதிவு செய்யும். டெஸ்க்டாப்பையும் கோப்புறைகளையும் பதிவு செய்யாது. கோப்புகளை நகலெடுப்பது எப்படி என்று சொல்லித்தர வந்தவருக்கு அங்கேயே வழி அடைபட்டுவிடும். விலையுள்ள மென்பொருளின் கிராக் பிரதியை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, தேடி இறக்குவது இதைவிடப் பெரிய தவறு. கணக்குகளும் கடவுச்சொற்களும் இருக்கிற கணினிக்குள் திருடனை நாமே கூப்பிட்டு உட்கார வைப்பது போன்றது அது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிக்கிறவர்கள் மைக்குக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. படம் சற்று மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் புரியாவிட்டால் அரை நிமிடத்தில் மூடிவிடுவார். மடிக்கணினியோடு வரும் மைக் விசைப்பலகைக்கு அருகிலேயே இருப்பதால், நம் பேச்சைவிடத் தட்டும் சத்தத்தை நன்றாகப் பிடிக்கும். கைப்பேசிக்கு வாங்கிய கம்பி இயர்போனின் மைக்கே அதைவிட மேல். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையில் உரசாதபடி குத்திக்கொள்ளுங்கள். மேசைக் கணினியில் மைக்குக்குத் தனியாக இளஞ்சிவப்புத் துளை இருக்கும். கைப்பேசி இயர்போனை நேராகச் செருகினால் காதில் கேட்கும், குரல் பதியாது. இரண்டாகப் பிரியும் இணைப்பி ஒன்று வேண்டும். புளூடூத் இயர்போனைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒலித்தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

அடுத்தது மின்விசிறி. அதன் இரைச்சல் நம் காதுக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. பதிவில் ஆற்றுவெள்ளம் போலக் கேட்கிறது. கடலூர் மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேச யாராலும் முடியாது. அதனால் பாடத்தை நான்கு நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு துண்டு முடிந்ததும் விசிறி சுழலட்டும், தண்ணீர் குடிக்கலாம், அடுத்ததை யோசிக்கலாம். பார்க்கிறவர்களுக்கும் இந்த அளவுதான் பிடித்திருக்கிறது; சந்தேகம் வந்த இடத்தை நாற்பது நிமிட வீடியோவுக்குள் தேட வேண்டியதில்லை. விடியற்காலையில் பதிவு செய்யலாம் என்பார்கள். நல்ல யோசனைதான், மார்கழி தவிர. அந்த மாதத்தில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி நான்கரை மணிக்கே எழுந்துவிடும்.

ஓபிஎஸ்ஸில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஒலிமானி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். பேசும்போது மஞ்சளில் ஆடினால் சரி. சிவப்பின் கடைசி வரை போய் முட்டினால் குரல் கிழிந்துவிட்டது என்று பொருள். கிழிந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் தைக்க முடியாது. ஆடவே இல்லை என்றால் வேறு மைக் தேர்வாகியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பதிவு செய்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமலும் இருங்கள். அந்த வெற்று இரைச்சலை மாதிரியாகக் காட்டித்தான் ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மற்ற இடங்களின் இரைச்சலைக் குறைக்க முடியும். அளவோடு குறைக்க வேண்டும். மிஞ்சினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

எழுத்தின் அளவு அடுத்த சிக்கல். பெரிய திரையில் 1920க்கு 1080 புள்ளி (பிக்சல்) அளவில் பதிவு செய்கிறோம். பார்க்கிறவர் கையில் இருப்பதோ ஆறு அங்குலக் கைப்பேசி. எக்செல் கட்டத்துக்குள் இருக்கும் எண்கள் அதில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். பதிவுக்கு முன் விண்டோஸ் காட்சி அமைப்பில் அளவை 150 விழுக்காடாக்குங்கள். உலாவியில் கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்குங்கள். மவுஸ் குறியையும் பெரிதாக வையுங்கள். பேசும்போது அதை வட்டமடிக்க விடாதீர்கள், பார்க்கிறவரின் கண் அதன் பின்னாலேயே ஓடும். விநாடிக்கு 60 படம் தேவையில்லை, 30 போதும்.

நான் மிகவும் கவலைப்படுவது அடுத்தவர் விவரங்களைப் பற்றி. ஒருமுறை அனுப்புவதற்கு முன் ஓட்டிப் பார்த்தபோது, திரையின் மூலையில் ஒரு மாணவியின் தந்தை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கு எண்ணோடு, மூன்று விநாடி நின்று மறைந்தது. மூன்று விநாடி போதும். யாரும் அங்கே நிறுத்தி எழுதிக்கொள்ளலாம். அந்தப் பதிவை அழித்துவிட்டேன். அன்றிலிருந்து பாடத்துக்கென்றே கணினியில் தனிப் பயனர் கணக்கு வைத்திருக்கிறேன். அதில் வாட்ஸ்அப் இல்லை, மின்னஞ்சல் இல்லை, உலாவியில் சேமித்த கடவுச்சொல் இல்லை. ஒரு சாளரத்தை மட்டும் பதிவு செய்யும் வசதியும் ஓபிஎஸ்ஸில் உண்டு. ஆனால் சில மென்பொருள்களில் கீழே விரியும் பட்டியல் தனிச் சாளரமாகக் கணக்காவதால் பதிவில் விழாமல் போய்விடும், கவனியுங்கள்.

கணக்கு சொல்லித்தருகிறவர்கள் வாடிக்கையாளரின் உண்மையான ஏட்டைத் திறந்து காட்டுகிறார்கள். பான் எண், ஜிஎஸ்டி எண், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது வரை எல்லாம் வெளியே வருகிறது. இ-சேவை மையத்தில் எதிரே காத்திருப்பவரின் ஆதாரை வைத்தே விண்ணப்பம் நிரப்பிக் காட்டுவதும் நடக்கிறது. அவர் நம்மை நம்பிக் கொடுத்த அட்டை அது. கற்பனைப் பெயரில் ஒரு கடையை உருவாக்கி, அதன் கணக்கைக் காட்டுங்கள். தவிர்க்க முடியாமல் ஓர் எண் தெரிந்துவிட்டால் அதன் மேல் கறுப்புக் கட்டம் வையுங்கள். மங்கலாக்குவது போதாது, மங்கலாக்கிய எண்ணைச் சில வேளைகளில் மீட்டெடுத்துவிடுகிறார்கள்.

கோப்பு வடிவத்தால் எனக்கு ஒரு முழு மாலை வீணானது. துண்டுகளாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளாத காலம் அது. நாற்பது நிமிடம் பேசி முடிக்கப்போகும் நேரத்தில் மின்சாரம் போனது. கணினிக்கு யுபிஎஸ் இல்லை. திரும்ப வந்து பார்த்தால் எம்பி4 கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. சாதாரண எம்பி4 கோப்பில், அதைப் படிக்கத் தேவையான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் அறுந்தால் உள்ளே இருக்கும் படமும் குரலும் இருந்தும் இல்லாதது போலத்தான். எம்கேவி வடிவம் அப்படியில்லை, அறுந்த இடம் வரை மிஞ்சும். ஓபிஎஸ் அமைப்புகளில் அவுட்புட் பகுதிக்குப் போய்ப் பதிவு வடிவத்தை எம்கேவி ஆக்கிவிடுங்கள். முடிந்த பிறகு ஃபைல் பட்டியலில் உள்ள ரீமக்ஸ் (படத்தையும் குரலையும் அப்படியே வேறு வடிவக் கோப்புக்கு மாற்றும் வசதி) வழியாகச் சில நொடிகளில், தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். பழைய பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்புச் சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனிப் பேச்சு. "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கி இரண்டு நிமிடம் முகவுரை வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். பின்னணி இசையும் வேண்டாம். "இங்கே அழுத்துங்கள், அதற்குப் பிறகு இங்கே" என்று சொல்லவே கூடாது. திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே தன் கணினியில் செய்கிறவருக்கும், பார்வை குறைந்தவருக்கும் அந்த 'இங்கே' எங்கே? "மேலே இடது ஓரத்தில் ஃபைல், அதற்குள் சேவ் ஆஸ்" என்று, திரையில் எழுதியிருக்கும் பெயரையே சொல்லி, அது என்ன செய்யும் என்பதைத் தமிழில் விளக்குங்கள். முழு உரையையும் எழுதி வைத்துப் படித்தால் குரல் தட்டையாகிவிடுகிறது. செய்யப்போகும் படிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டுப் பதிவு செய்வதே எனக்குப் பொருந்தியிருக்கிறது.

முடித்த வீடியோவைப் பதிவு செய்த கணினியிலேயே பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொண்டு கைப்பேசியில் பார்க்கிறேன். என் மாணவர்கள் பார்ப்பது அப்படித்தான். எந்த இடத்தில் ஒலியைக் கூட்டக் கை போகிறதோ, எந்த இடத்தில் திரையை விரலால் விரிக்கத் தோன்றுகிறதோ, அந்த நிமிடத்தை டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்கிறேன். வீடு திரும்பியதும் மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்தத் துண்டை மட்டும் மறுபடி பதிவு செய்கிறேன்.