கிளெப்சியெல்லாவைப் பெயர் சொல்லிப் பிரிப்பது: விபி குழாயில் நான் சிக்கிய இடம்

கையிலுள்ள கிளெப்சியெல்லா பாக்டீரியா எந்த இனம் என்று கண்டுபிடிக்கும் வேலை இது. மெக்கான்கி அகாரில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று காலனி. கிராம் நெகட்டிவ் கோல், ஆக்சிடேஸ் நெகட்டிவ். இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் இனி ஐஎம்விக் சோதனைதான் (இண்டோல், மெத்தில் ரெட், விபி என்கிற வோஜஸ்-ப்ராஸ்காவர், சிட்ரேட் என நான்கு), கூடவே யூரியேஸ் (யூரியாவை உடைக்கும் நொதி).

படி 1: நியூட்ரியன்ட் அகாரில் ஒரு தனிக் காலனியை மறுபடி கீறி, மறுநாள் அதிலிருந்து எடுங்கள். இரண்டு பாக்டீரியா கலந்திருந்தால் எந்தக் குழாயையும் நம்ப முடியாது.

படி 2: சிம்மன்ஸ் சிட்ரேட்டில் முதலில் இடுங்கள், அதுவும் நேர்க்கம்பியால், மிகக் கொஞ்சமாக. மற்ற ஊடகம் துளி ஒட்டி வந்தாலும் பொய்யாக நீலமாகும் (நீலம் என்றால் பாசிட்டிவ்). அப்புறம் ட்ரிப்டோன் நீர், எம்ஆர்-விபி ப்ராத் (மெத்தில் ரெட்டுக்கும் விபிக்கும் பொதுவான திரவ ஊடகம்) இரண்டு குழாய், யூரியா அகார். எல்லாம் 37 டிகிரியில்.

படி 3: மறுநாள் ட்ரிப்டோன் நீரில் கோவாக்ஸ் திரவம் சில துளிகள். மேலே சிவப்பு வளையம் வந்தால் இண்டோல் பாசிட்டிவ். கிளெப்சியெல்லா நிமோனியேயில் வராது, கிளெப்சியெல்லா ஆக்சிடோகாவில் வரும். ஈ. கோலையிலும் வரும், ஆனால் அதில் சிட்ரேட் பச்சையாகவே நிற்கும்.

படி 4: மெத்தில் ரெட்டை 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அவசரப்பட்டால் கிளெப்சியெல்லாவும் சிவப்பாகத் தெரியலாம். ஆரம்பத்தில் அதுவும் அமிலம் உண்டாக்கும், பிறகுதான் குறையும்.

படி 5: விபி. பாசிட்டிவ் என்றால் சிவப்பு, சாதாரண நிமோனியேயில் அது வர வேண்டும். நான் முதல்முறை செய்தபோது நிறமே வரவில்லை. நிமோனியேயின் ரைனோஸ்கிளெரோமாட்டிஸ், ஒசீனே ஆகிய இரு துணையினங்களும் விபி நெகட்டிவ். அதனால் மூக்கைத் தாக்கும் அரிய வகை ஒன்று கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். ஆனால் யூரியா குழாய் நல்ல இளஞ்சிவப்பு, சிட்ரேட் நீலம், அதாவது இரண்டும் பாசிட்டிவ். ரைனோஸ்கிளெரோமாட்டிஸில் இரண்டுமே நெகட்டிவ். ஒசீனேயிலும் யூரியேஸ் பெரும்பாலும் வராது. முடிவுகள் ஒன்றோடொன்று மோதினால் முதலில் கைவேலையைச் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

தப்பு இரண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடை முதலில் ஊற்றினேன், குழாயைக் குலுக்கவும் இல்லை. சரியான வரிசை இது: 1 மிலி ப்ராத்தில் 5 சதவீத ஆல்ஃபா நாஃப்தால் 0.6 மிலி, பிறகு 40 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மிலி. நன்றாகக் குலுக்குங்கள். பாக்டீரியா உண்டாக்கிய அசிட்டோயின் காற்றிலுள்ள ஆக்சிஜனால் டைஅசெட்டைலாக மாறினால்தான் சிவப்பு வரும். மூடியைத் தளர்த்தி வைத்து, 15 முதல் 30 நிமிடத்துக்குள் பாருங்கள். ஒரு மணி நேரம் விட்டால் நெகட்டிவ் குழாயிலும் செம்பு நிறம் வந்து குழப்பும்.

நான் இதற்கு அகலமான குழாய்தான் வைத்திருக்கிறேன், காற்று நன்றாகப் படும். ஆல்ஃபா நாஃப்தாலை எத்தனாலில் கொஞ்சமாகக் கரைத்து, பழுப்பு பாட்டிலில் குளிர்பெட்டியில் வைப்பேன். ஏபிஐ 20ஈ பட்டை (இப்படிப் பல சோதனைகள் ஒன்றாக இருக்கும் தயார்நிலைப் பட்டை) வசதியானதுதான், ஆனால் குழாயில் கை பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது. ஒவ்வொரு முறையும் தெரிந்த ஈ. கோலை ஒன்றையும் கிளெப்சியெல்லா ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஆக்சிடோகாவுக்கு இண்டோல் வரவே இல்லை என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். விசாரித்தால், குழாயை மிச்சப்படுத்த எம்ஆர்-விபி ப்ராத்திலேயே கோவாக்ஸ் விட்டிருக்கிறார். அதில் குளுக்கோஸ் இருக்கிறது. குளுக்கோஸ் இருந்தால் பாக்டீரியா ட்ரிப்டோஃபானை உடைத்து இண்டோல் உண்டாக்குவது தடைபடும். ட்ரிப்டோன் நீரில் மறுபடி செய்ததும் அவருக்கு வளையம் வந்தது.