மெம்ஸ் சிமுலேஷன்: முதலில் சின்ன மாடல், அப்புறம்தான் மெஷ்

மெம்ஸ் சாதனத்தை (சிப்பில் செய்யும், அசையும் பாகங்கள் உள்ள நுண்கருவி) அதன் சர்க்யூட்டோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கணும் என்றால் முழு ஃபைனைட் எலிமென்ட் மெஷ்ஷையும் (சாதனத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வலை) கட்டி இழுக்காதீர்கள். ஒரு நிறை, ஒரு ஸ்பிரிங், அசைவைத் தணிக்கும் ஒரு டாம்பர், ஒரு தட்டு நகரும் கெபாசிட்டர்: சாதாரண ஆக்சிலரோமீட்டருக்கோ சுவிட்சுக்கோ ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

இந்த மாடலை வெரிலாக்-ஏ என்ற மொழியில் எழுதினால் ஸ்பைஸ் (சர்க்யூட் சிமுலேட்டர்) சர்க்யூட்டோடு சேர்ப்பது சுலபம். கரண்ட்டை எழுதும்போது கெபாசிட்டன்ஸ் × வோல்டேஜ் மாறும் வேகம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், வோல்டேஜ் × கெபாசிட்டன்ஸ் மாறும் வேகம் என்ற இன்னொரு பகுதியும் உண்டு. தட்டு அசையும் வேகம் சர்க்யூட்டுக்குத் தெரிவதே அதன் வழியாகத்தான்.

அடுத்தது டாலரன்ஸ் (சிமுலேட்டர் பொறுத்துக்கொள்ளும் பிழை அளவு), பலரும் தடுக்கி விழும் இடம். தட்டின் நகர்வை சர்க்யூட்டில் ஒரு வோல்டேஜாகக் காட்டும்போது 1 மீட்டருக்கு 1 வோல்ட் என்று வைத்தால் உங்கள் 1 மைக்ரோமீட்டர் வெறும் 1 மைக்ரோவோல்ட் ஆகிவிடும், ஸ்பைஸின் வழக்கமான வோல்டேஜ் டாலரன்ஸும் அதேதான், ஆக வருகிற விடையை நம்பவே முடியாது. நகர்வை மைக்ரோமீட்டரிலேயே வையுங்கள், இல்லையென்றால் டாலரன்ஸை நன்றாக இறக்குங்கள்.

சரி, மாடல் ஒழுங்காக இருக்கிறதா? புல்-இன் வோல்டேஜை, அதாவது தட்டு இழுபட்டு ஒட்டிக்கொள்ளும் வோல்டேஜை, வைத்துச் சோதிக்கலாம். 8 × ஸ்பிரிங் மாறிலி × இடைவெளியின் மும்மடி, அதை 27 × விடுதிறன் (இடைவெளியில் உள்ள காற்றின் பெர்மிட்டிவிட்டி) × பரப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். பக்கம் 400 மைக்ரோமீட்டர் உள்ள சதுரத் தட்டு, இடைவெளி 2 மைக்ரோமீட்டர், ஸ்பிரிங் மாறிலி மீட்டருக்கு 5 நியூட்டன் என்றால் சுமார் 2.9 வோல்ட். வோல்டேஜை மெதுவாக ஏற்றினால் தட்டு இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் சட்டென்று ஒட்டிக்கொள்ளணும். ஒரேயடியாக வோல்டேஜ் கொடுத்து, டாம்பிங்கும் மிகக் குறைவாக இருந்தால் 2.66 வோல்ட்டிலேயே ஒட்டும். இந்த இரண்டும் சரியாக வராமல் மேலே போவது வீண்வேலை. தட்டு ஒட்டும் இடத்தில் ஒரு விறைப்பான தடுப்பு ஸ்பிரிங்கும் போட்டுவிடுங்கள், இடைவெளி பூஜ்யமானால் விசை எல்லையில்லாமல் ஏறி சிமுலேட்டர் நின்றுவிடும்.

இதற்கு அப்புறம்தான் ஃபைனைட் எலிமென்ட். ஸ்பிரிங் மாறிலி, அந்த அதிர்வு முறைக்கான நிறை, ஓரப்புலத்தோடு (தட்டின் ஓரத்தில் வெளியே வளையும் மின்புலம்) சேர்ந்த கெபாசிட்டன்ஸ், இவற்றை அங்கிருந்து எடுத்து மாடலில் போடுங்கள். டாம்பிங்கில் மட்டும் ஒற்றை எண்ணை வைத்து ஒப்பேற்றாதீர்கள்: தட்டுகளுக்கு நடுவே காற்று இருந்தால் இடைவெளி பாதியாகும்போது அது சுமார் 8 மடங்கு ஏறும், பேக்கேஜுக்குள் அழுத்தம் மாறினாலும் மாறும், அதனால் செய்து வந்த சிப்பில் அளந்த கியூ மதிப்புக்கு (அதிர்வு எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்பதன் அளவு) ஏற்ப அதைத் திருத்துவதுதான் சரியான வழி.