எர்த் ஓட்டையில் பேனா விடுகிற தம்பிகளுக்கு

போன வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டு வேலை. கூட வந்த பையன் சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்குள் பேனாவை விட்டு, மற்ற இரண்டு ஓட்டைகளையும் மறைத்திருக்கும் தடுப்பான ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தான். தொழில் பழகிய காலத்தில் நான் செய்த அதே கூத்து. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், அதை விடுங்கள்.

ஜெர்மன் பிளக்கைத் திணிப்பது

ஓசூரில் ஒரு வீட்டுக்காரர் ஜெர்மனியிலிருந்து காபி மெஷின் கொண்டுவந்திருந்தார். அந்த ஊர் பிளக்கில் இரண்டே உருண்டைப் பின். எர்த்துக்குத் தனிப் பின் கிடையாது, பக்கவாட்டுத் தகடுதான் எர்த். அவர்கள் சாக்கெட் குழியாக இருக்கும். ஓரத்துக் கிளிப் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். நம் சாக்கெட்டில் கிளிப்புக்கு எங்கே போவது? ஆனால் பின்களுக்கு நடுவே இடைவெளி இரண்டு ஊரிலும் 19 மி.மீ. அதனால் உள்ளே போய்விடும். ஷட்டர் மறித்தால் இருக்கவே இருக்கிறது பேனா. நம் பிளக்கில் எர்த் பின்னை நீளமாக வைத்ததே, எர்த் முதலில் சேர்ந்த பிறகு மற்ற இரண்டும் சேரட்டும் என்றுதான்.

நானும் பேனா விட்டு அப்படித்தான் செருகிக் கொடுத்தேன். மெஷின் ஓடியது, காபியும் வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, மேல கை வெச்சா சுர்ருங்குதுப்பா."

போய் டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்தேன், எரிந்தது. சாக்கெட்டும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறிக் கிடந்தது. அவர்கள் பின் 4.8 மி.மீ., நம்முடையது 5.1. பிடி தளர்ந்தால் அந்த இடம் சூடாகத்தானே செய்யும்! மெஷினின் அடியில் 1450 வாட் என்று வேறு போட்டிருந்தது. 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு அதுவே அதிகம். முதல் நாளே குனிந்து பார்த்திருக்கலாம்.

பிளக்கை வெட்டிவிட்டு 16 ஆம்ப் பின்டாப், அதாவது நம் ஊர் மூன்று பின் பிளக், போட்டேன். மஞ்சள்-பச்சை எர்த், பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். வீட்டு வயரிங்கில் ஃபேஸுக்கு வரும் சிவப்பைத் தேடித் தடுமாறாதீர்கள். பின்டாப், புது சாக்கெட் எல்லாம் என் கைக்காசு. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கச் சாமானுக்கு அடாப்டர்

அடாப்டர் பின்னை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 120 வோல்ட் ஹேர் டிரையரை 230-ல் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் பவர் ஏறும். சார்ஜரில் 100-240 என்று இருந்தால் சரி.

பிரிட்டன் பிளக்

ஃபியூஸ் பிளக்குக்குள்ளேயே இருக்கும். சாமான் செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன் அதைக் கழற்றிப் பாருங்கள்.

எல்லா நாட்டுப் பிளக்கும் போகிற சாக்கெட்

போடாதீர்கள். எதையும் இறுக்கிப் பிடிக்காது.