பிள்ளை கேட்டால் முதலில் திருப்பிக் கேளுங்கள்

நாலு வயதுப் பையனிடம் உனக்கு அண்ணன் இருக்கானா என்று கேளுங்கள், இருக்கான் என்பான். சரி, அண்ணனுக்குத் தம்பி இருக்கானா என்றால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1920-களிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தான் நிற்கும் இடத்திலிருந்தே குடும்பத்தைப் பார்க்கிற வயது அது.

அண்ணன் விஷயம் சிரிப்போடு போய்விடும். அப்பா அம்மா சண்டை அப்படிப் போகாது, தான் பாலைக் கொட்டியதால்தான் இவ்வளவும் என்று பிள்ளை தானாகவே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருக்கும். அதனால் சண்டையோ நோயோ பிரிவோ, பிள்ளை கேட்காவிட்டாலும் "இது உன்னால் இல்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

கேள்வி வந்தால் உடனே விளக்க உட்காராமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். பிள்ளை எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும், பல சமயம் நாம் பயந்த கேள்வியே அதில் இருக்காது. பதில் இரண்டு வாக்கியம் போதும். அப்புறம், அது சொன்னதை விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள், அடுத்த தடவை வாயே திறக்காது.