தொப்பை போட்ட கிடார்

ஈரப்பதம் மிகுந்த ஊருக்குக் குடிவந்த இரண்டாம் மாதமே என் கிடாரில் கம்பிகள் எழும்பிவிட்டன. ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பாரே கார்டு பிடித்தால் விரல் வலி. கழுத்துதான் வளைந்துவிட்டதென்று அதை நிமிர்த்த கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் மேல்பலகையில் குறுக்கே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கம்பிகள் பலகையோடு சேரும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டிருந்தது! மரம் ஈரத்தைக் குடித்து வீங்கியிருக்கிறது.

சுவரில் மாட்டுவதை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்தேன். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 74 சதவீதம் காட்டியது. சிலிகா ஜெல் பைகள் போட்டேன். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுவேன். 45-க்குக் கீழே இறங்கினால் பையை எடுத்துவிடுவேன், ரொம்பக் காய்ந்தாலும் பலகை வெடிக்கும். அளவு 50-ஐ ஒட்டி நின்றபின், மூன்று வாரத்தில் தொப்பை வடிந்தது.

கம்பிகளை மட்டும் மாற்றவேண்டி வந்தது. அத்தனையும் துரு.